வே புரோட்டீன்: கவுண்டரில் கேட்ட கேள்விகள், அரைகுறையாகச் சொன்ன பதில்களின் மீதி

குன்னூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து மேலே ஏறி வரும் வழியில் எங்கள் மருந்துக்கடை. பன்னிரண்டு வருடமாக பார்மசிஸ்ட் நான்தான். முன்பெல்லாம் புரோட்டீன் பொடி கேட்டு வருபவர்கள் ஆபரேஷன் முடிந்தவர்கள், இல்லாவிட்டால் மாசமாக இருப்பவர்கள். இப்போது அருவங்காடு, வெலிங்டன், கேத்தி, கொலக்கம்பை என்று எல்லாப் பக்கமிருந்தும் ஜிம் பையன்கள் வருகிறார்கள். அவர்கள் வந்து போன மறுநாள் அவர்களுடைய அம்மாக்கள் வருகிறார்கள். ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. கூட்ட நேரத்தில் பாதி பதில்தான் சொல்ல முடிகிறது. மீதியை இங்கே எழுதிவிட்டேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே வைத்திருக்கிறேன்.

அக்கா, இந்த வே புரோட்டீன்ங்கறது மருந்தா, மாவா?

இரண்டும் இல்லை, பால். பாலில் இருக்கும் புரதத்தில் 80 விழுக்காடு கேசின், மீதி 20 விழுக்காடு வே. சீஸ் செய்யும்போது கேசின் கட்டியாகத் திரண்டுவிடும். அடியில் பச்சையும் மஞ்சளும் கலந்த மாதிரி ஒரு தண்ணீர் நிற்கும். அந்தத் தண்ணீர்தான் வே. நம் குன்னூரிலும் கொடைக்கானலிலும் சீஸ் செய்பவர்கள் இருக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள்: 10 லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ சீஸ் வந்தால் மீதி ஒன்பது லிட்டர் போல இந்தத் தண்ணீர்தான்.

வெளிநாட்டு சீஸ் ஆலைகள் வெகுகாலம் இதைப் பன்றிக்கு ஊற்றின, ஆற்றிலும் விட்டன. 1970-களில் சவ்வு வடிகட்டிகள் வந்த பிறகுதான் அதிலுள்ள புரதத்தை மட்டும் பிரித்து, காயவைத்துப் பொடியாக்குவது பெரிய தொழிலாயிற்று. ஒரு காலத்தில் கழிவுநீர், இன்றைக்கு டப்பாவில் ஆயிரக்கணக்கில் விலை.

பையன் அலமாரிக்குள்ள ஒளிச்சு வெச்சுக் குடிக்கிறான். ஸ்டீராய்டு கலந்ததா இருக்குமோ?

ஒழுங்கான வே பொடியில் ஸ்டீராய்டு கிடையாது. அவன் ஒளித்து வைப்பது பெரும்பாலும் விலையைப் பார்த்து நீங்கள் திட்டுவீர்கள் என்றுதான். டப்பாவை எடுத்து வந்து காட்டச் சொல்லுங்கள், நானே படித்துச் சொல்கிறேன்.

கவலைப்பட வேண்டியது வேறு இடத்தில். லேபிள் இல்லாமல் பாலிதீன் கவரில் கட்டிக் கொடுக்கும் பொடி, "ஒரே மாசத்துல உடம்பு ஏறும்" என்று யாரோ கையில் திணிக்கும் மாத்திரை, ஊசி. அவற்றில் என்ன இருக்கிறது என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. அது பையன் கையில் இருந்தால் ஒரு டாக்டரிடம் கூட்டிப் போவதுதான் வழி.

ஒரு நாளைக்கு எவ்வளவு புரோட்டீன் வேணும்? ஜிம்ல ஒருத்தர் 200 கிராம்ங்கறார்.

ஐ.சி.எம்.ஆர்., அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், 2020-இல் சொன்ன கணக்கு, பெரியவர்களுக்கு உடல் எடை கிலோவுக்கு 0.83 கிராம். 60 கிலோ ஆள் என்றால் 50 கிராம். உங்கள் புரதத்தில் பெரும்பகுதி அரிசி, கோதுமையிலிருந்தே வருகிறது என்றால் கிலோவுக்கு ஒரு கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள் (காரணம் ஐந்தாவது கேள்வியில்).

எடை தூக்கிப் பயிற்சி செய்பவர்களுக்குக் கூடுதலாக வேண்டும். 2018-இல் 49 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு அலசலில், கிலோவுக்கு 1.6 கிராம் வரை தசை வளர்ச்சிக்கு உதவுகிறது, அதற்கு மேல் சாப்பிட்டுப் பெரிய லாபம் இல்லை என்று தெரிந்தது. 60 கிலோ பையனுக்கு 96 கிராம். 200 கிராம் சொன்னவர் 125 கிலோவாக இருந்தால் சரி.

எங்க வீட்டுச் சாப்பாட்டுல அவ்வளவு இருக்கா?

வாருங்கள், கணக்குப் போடுவோம். எஸ்டேட்டில் வேலை பார்க்கும் ஒரு அக்காவை உட்காரவைத்து ஒருநாள் எழுதிப் பார்த்தோம். காலையில் டீயும் வர்க்கியும், மதியம் சோறு சாம்பார் பொரியல், ராத்திரி மூன்று சப்பாத்தியும் குருமாவும், நடுவே இரண்டு பால் டீ. 150 கிராம் அரிசியில் 11 கிராம் புரதம் வந்தது. சப்பாத்தியில் 10, சாம்பார் பருப்பிலும் குருமாவிலும் சேர்ந்து 8 அல்லது 9, டீயில் விழுந்த பாலில் 5, மீதி சில்லறை. மொத்தம் 40-ஐத் தொடவில்லை. அவருக்கு 55 கிலோ எடை, கூடை சுமந்து மேடு ஏறி இறங்கும் வேலை.

இதற்கு டப்பா தேவையில்லை. இரண்டு முட்டை வைத்தால் 12 கிராம். ஒரு கிண்ணம் தயிர் 5. ஒரு கைப்பிடி கொண்டைக்கடலை, அதாவது ஊறவைக்கும் முன் 30 கிராம், 6 கிராம் தரும். மூன்றையும் சேர்த்தால் 60 தாண்டிவிட்டது. சைவம் என்றால் சோயா உருண்டை 100 கிராமில் 50 கிராமுக்கு மேல் புரதம், அதுவும் கடையில் கிடைப்பதிலேயே மலிவு. அவர் சொன்ன பதில்: "சோயா பிள்ளைங்க தின்ன மாட்டாங்க." அது என் கையில் இல்லை.

புரோட்டீன்னா புரோட்டீன்தானே. அதுல "தரம்"னு தனியா என்ன?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இது, ஆனால் கேட்பவர்கள் குறைவு. புரதம் அமினோ அமிலங்களால் ஆனது. உணவில் 20 வகை. அதில் ஒன்பதை நம் உடம்பால் செய்துகொள்ள முடியாது, சாப்பாட்டிலிருந்துதான் வரவேண்டும். அந்த ஒன்பதில் ஒன்று குறைந்தாலும் மற்றவை எவ்வளவு இருந்தாலும் வேலை அங்கேயே நின்றுவிடும். வீட்டில் ஐந்து கிலோ பருப்பு இருக்கிறது, புளி ஒரு எலுமிச்சை அளவுதான் இருக்கிறது என்றால் ஒரு சட்டி சாம்பாரோடு சரி, இல்லையா? அரிசியிலும் கோதுமையிலும் அந்தப் புளி மாதிரி குறைவது லைசின். பருப்பு வகைகளில் குறைவது மெத்தியோனின்.

இதைக் கணக்கிட இரண்டு அளவுகோல் உண்டு. 1991-இல் உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை அமைப்பும் ஏற்றது பி.டி.சி.ஏ.ஏ.எஸ். அதில் உச்சம் 1.0. பால், முட்டை, வே எல்லாம் 1.0 வாங்கும், கோதுமை 0.4 - 0.5 அளவில் நிற்கும். 2013-இல் உணவு வேளாண்மை அமைப்பு பரிந்துரைத்தது டி.ஐ.ஏ.ஏ.எஸ். இதில் ஒவ்வொரு அமினோ அமிலமும் சிறுகுடலின் முடிவு வரை போவதற்குள் எவ்வளவு செரிக்கிறது என்று தனித்தனியாகப் பார்ப்பார்கள், 1.0-க்கு மேலும் மதிப்பெண் உண்டு. ஆக, தரம் என்றால் இரண்டே விஷயம்: தேவையான ஒன்பதும் சரியான அளவில் இருக்கிறதா, இருப்பது செரிக்கிறதா.

அப்ப நாங்க தின்ற பருப்பு மட்டமா?

தனியாகப் பார்த்தால் ஒரு படி குறைவு. ஆனால் யார் தனியாகப் பருப்பைத் தின்கிறார்கள்? அரிசியில் குறையும் லைசின் பருப்பில் நிறைய இருக்கிறது, பருப்பில் குறையும் மெத்தியோனின் அரிசியில் இருக்கிறது. இட்லியில் உளுந்து சேர்வதும், படுகர் வீடுகளில் ராகிக் களியோடு அவரைக் குழம்பு வைப்பதும் இந்தக் கணக்கைத் தானாகவே நேர்செய்துவிடுகின்றன. ஒரே வேளையில் சேரவேண்டும் என்றுகூட இல்லை, ஒரு நாளைக்குள் சேர்ந்தால் போதும்.

மலையில் இருப்பவர்களுக்கு மட்டும் ஒரு விஷயம் தனியாகச் சொல்ல வேண்டும். உயரம் கூடினால் தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடும்: குன்னூரில் ஏறக்குறைய 94 டிகிரியில், 2,240 மீட்டரில் இருக்கும் ஊட்டியில் 92 - 93 டிகிரியில். திறந்த பாத்திரத்தில் எத்தனை விறகு வைத்தாலும் அதற்கு மேல் சூடு ஏறாது. அதனால்தான் இங்கே துவரம்பருப்பு மணிக்கணக்கில் விறைத்துக்கொண்டு நிற்கிறது. வேகாத பயறு, பருப்பு வகைகளில் நம் செரிமான நொதியைத் தடுக்கும் பொருள்கள் இருக்கின்றன. சரியாக வேகாவிட்டால் அவை முழுதாக அழியாது, தின்ற புரதத்தில் ஒரு பங்கு வீண். ராஜ்மா அரைவேக்காடாக இருந்தால் வாந்தியே வரும். ராத்திரி ஊறவைத்து, ஊறின தண்ணீரைக் கொட்டிவிட்டு, குக்கரில் வையுங்கள். குக்கருக்குள் நம் ஊரிலும் 110 டிகிரி தாண்டிவிடும். பருப்பின் தரத்தை ஏற்ற டப்பா வாங்குவதைவிட குக்கருக்கு ஒரு புது காஸ்கெட் வாங்குவது மலிவு.

வே சீக்கிரம் ரத்தத்துல சேரும், அதான் அரை மணி நேரத்துக்குள்ள குடிக்கணும்ங்கறாங்களே?

முதல் பாதி உண்மை. கேசின் வயிற்றில் தயிர் மாதிரி உறைந்து மெதுவாக இறங்கும். வே உறையாமல் வேகமாகக் கடக்கும். வேயில் லூசின் என்ற அமினோ அமிலமும் அதிகம், 25 கிராம் வே புரதத்தில் 2.5 கிராம் போல. தசை கட்டும் வேலையைத் தொடங்கிவைப்பது பெரும்பாலும் லூசின்தான். அதனால்தான் பயிற்சி செய்பவர்கள் இதை விரும்புகிறார்கள்.

அரை மணி நேரக் கெடு மட்டும் கட்டுக்கதை. ஒருநாளில் மொத்தம் எவ்வளவு சாப்பிட்டீர்கள் என்பதே பெரிய விஷயம். ஜிம் முடிந்து வீட்டுக்கு நடந்து போய் முட்டையும் சோறும் சாப்பிட்டாலும் தசை கோபித்துக்கொள்ளாது.

கான்சன்ட்ரேட், ஐசோலேட், ஹைட்ரோலைசேட்னு மூணு போட்டிருக்கு. எதை எடுக்க?

கான்சன்ட்ரேட்டில் பொதுவாக 80 விழுக்காடு வரை புரதம், கொஞ்சம் பால் சர்க்கரை, கொஞ்சம் கொழுப்பு. ஐசோலேட்டில் 90 விழுக்காடோ அதற்கு மேலோ. பால் சர்க்கரை ஒரு விழுக்காட்டுக்குள். ஹைட்ரோலைசேட் என்றால் நொதி போட்டு முன்கூட்டியே உடைத்தது, கசக்கும், விலையும் அதிகம். வயிறு ஒத்துழைத்தால் கான்சன்ட்ரேட்டே போதும். ஹைட்ரோலைசேட் கேட்டு வரும் பையன்களிடம் காரணம் கேட்டால் இதுவரை ஒருவரும் சொன்னதில்லை.

பால் குடிச்சாலே எனக்கு வயிறு உப்பிக்கும். இது குடிக்கலாமா?

உப்புவது பால் சர்க்கரையால், அதாவது லாக்டோஸால். தென்னிந்தியாவில் பெரியவர்கள் பலருக்கு இது முழுதாகச் செரிப்பதில்லை. மேலே சொன்ன ஐசோலேட் உங்களுக்கு ஒத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். தயிர் ஒத்துக்கொள்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒத்துக்கொண்டால் செலவே இல்லை. ஆனால் பால் பட்டாலே தடிப்பு, மூச்சிரைப்பு வருகிறது என்றால் அது பால் புரதத்துக்கே ஒவ்வாமை. அவர்கள் எந்த வே பொடியையும் தொடக்கூடாது.

இந்தக் குளிர்ல காலைல ஆறு மணிக்குப் பச்சைத் தண்ணியில எப்படிக்கா கலக்கிக் குடிக்கிறது? டீயில போட்டுக்கலாமா?

டிசம்பர், ஜனவரியில் உறைபனி பார்த்தவர்கள் மட்டும் கேட்கும் கேள்வி. டீயில் போட்டால் சூட்டிலும் துவர்ப்பிலும் திரிதிரியாகிவிடும், பார்க்கவே நன்றாக இருக்காது. சூடான பாலில் நேராகக் கொட்டினாலும் அதே கதை. 70 டிகிரிக்கு மேல் போனால் வே புரதத்தின் மடிப்புகள் அவிழ்ந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன.

ஆனால் "சூடு பண்ணினால் சத்து போயிடும்" என்பது தவறு. அமினோ அமிலங்கள் அப்படியேதான் இருக்கும். முட்டையை அவிப்பதால் புரதம் போய்விடுகிறதா? ஒரு டம்ளரில் ஆறின தண்ணீர் நாலு ஸ்பூன் ஊற்றி, பொடியைக் குழைத்துவிட்டு, அப்புறம் கை பொறுக்கும் சூட்டில் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். ராகிக் கஞ்சி காய்ச்சி இறக்கி, கொஞ்சம் ஆறின பிறகு கலக்குவதும் நன்றாக இருக்கும். எங்கள் வீட்டில் அதுதான்.

டீ பற்றிப் பேசும்போதே: சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்து சரியாகச் சேராது. ஒரு மணி நேரம் விடுங்கள். ரத்தசோகை மாத்திரை வாங்கும் எல்லோரிடமும் சொல்கிறேன், கேட்பவர் யாரும் இல்லை.

வீட்டுல பனீர் செய்யறோம். அந்தத் தண்ணியே வே தானே? அதைக் குடிச்சாப் போதாதா?

நல்ல கேள்வி, ஆனால் ஒரு சிக்கல். சீஸ் தண்ணீரிலேயே 100 மில்லிக்கு ஒரு கிராமுக்கும் குறைவாகத்தான் புரதம். பனீருக்குப் பாலை நன்றாகக் காய்ச்சிவிடுகிறோம். முன் கேள்வியில் சொன்ன மாதிரி சூட்டில் வே புரதம் அவிழ்ந்து கேசினோடு ஒட்டிக்கொள்கிறது. ஆக, வேயில் பெரும்பங்கு பனீருக்குள்ளேயே போய்விட்டது. அந்தத் தண்ணீரில் சப்பாத்தி மாவு பிசையுங்கள். பனீரைச் சாப்பிடுங்கள்.

கிட்னி போயிடும்ங்கறாங்களே?

ஆரோக்கியமான சிறுநீரகத்தை, மூன்றாவது பதிலில் சொன்ன அளவுக்குள் இருக்கும் புரதம் கெடுத்ததாக நல்ல ஆதாரம் இல்லை. ஏற்கெனவே சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குக் கதை வேறு. அவர்களுக்குப் புரத அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

பிரச்சினை என்னவென்றால், கோளாறு இருப்பது பலருக்குத் தெரியாது. பத்து வருடமாகச் சர்க்கரை, பிரஷர் மாத்திரை வாங்குபவர் பையனுடைய டப்பாவிலிருந்து தானும் இரண்டு ஸ்கூப் போட்டுக்கொள்கிறார். ரத்தத்தில் கிரியாட்டினின், சிறுநீரில் ஆல்புமின், இந்த இரண்டு பரிசோதனையும் செய்துவிட்டு ஆரம்பியுங்கள்.

முடி கொட்டுமா? முகப்பரு வருமா?

முடிக்கு ஆதாரம் இல்லை. பரு சிலருக்கு வரலாம். நிறுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும்.

மாத்திரையோட சேர்த்துக் குடிச்சாப் பரவாயில்லையா?

தைராய்டு மாத்திரையோடு வேண்டாம். வே பொடியில் கால்சியம் உண்டு, மாத்திரை சேர்வதைக் கெடுக்கும். நாலு மணி நேரம் இடைவெளி விடுங்கள். சிப்ரோஃப்ளாக்சசின், டாக்சிசைக்ளின் போன்ற ஆன்டிபயாடிக்குகளுக்கும் பால் பொருள் ஆகாது. பார்கின்சனுக்கு லெவோடோபா எடுப்பவர்களுக்குப் புரதமே அந்த மருந்தோடு போட்டி போடும், டாக்டரிடம் நேரம் கேட்டுக்கொள்ளுங்கள்.

போலீஸ் செலக்‌ஷனுக்கு மூணு மாசம்தான் இருக்கு. எந்த டப்பா வாங்கட்டும்?

1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட டப்பா உதவாது. ஓடுவதற்கு வேண்டியது சோறும் சப்பாத்தியும் பயிற்சியும். கயிறு ஏறத் தோள் பலம் வேண்டும், அதற்குப் புரதம் வேண்டும், அது முட்டையிலும் இருக்கிறது. எடை ஏறவேண்டும் என்று மாஸ் கெய்னர் கேட்பவர்கள் பின்பக்க லேபிளைப் படியுங்கள்: பல டப்பாக்களில் முக்கால் பங்கு மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்தும் சர்க்கரையும்தான். அதற்கு நேந்திரம்பழமும் கடலைமிட்டாயும் தின்னலாம்.

டப்பா ஒரிஜினலான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

முதலில் ஒரு வகுத்தல். ஒரு ஸ்கூப் 33 கிராம், அதில் புரதம் 24 கிராம் என்றால் 73 விழுக்காடு, பரவாயில்லை. ஸ்கூப் 40 கிராமுக்குப் புரதம் 15 என்றால் நீங்கள் வாங்குவது இனிப்பு மாவு. அப்புறம் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிமத்தின் 14 இலக்க எண், தேதி, இறக்குமதி என்றால் இறக்குமதியாளர் முகவரி.

கடினமான ஏமாற்று வேறு மாதிரி. புரதத்தை அளக்கும் பழைய முறை, 1883-இல் கோபன்ஹேகனில் ஒரு பீர் ஆலையின் ஆய்வகத்தில் கெல்டால் என்ற வேதியியலாளர் கண்டது. அது புரதத்தை நேராக அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்கிச் சொல்கிறது. அதனால் கிளைசின், டாரின் போன்ற மலிவான நைட்ரஜன் பொருளைக் கலந்துவிட்டால் சோதனையில் புரதம் கூடிவிடும், தசைக்கு ஒன்றும் சேராது. 2008-இல் சீனாவில் பாலில் மெலமைன் என்ற நைட்ரஜன் நிறைந்த ரசாயனத்தைக் கலந்ததும் இதே தந்திரம்தான். சேர்பொருள் பட்டியலில் கிளைசின், டாரின் தனியாக எழுதியிருந்தால் யோசியுங்கள். அமினோ அமில அட்டவணையைத் தரும் நிறுவனத்தைக் கொஞ்சம் நம்பலாம்.

2024-இல் வந்த ஓர் இந்திய ஆய்வில் இங்கே விற்கும் 36 பொடிகளைச் சோதித்தார்கள். ஏறக்குறைய 70 விழுக்காட்டில் லேபிளும் உள்ளே இருந்ததும் ஒத்துப்போகவில்லை. சிலவற்றில் சொன்னதில் பாதிதான் புரதம். எனக்கும் அடி பட்டிருக்கிறது. சில வருடத்துக்கு முன் ஒரு விநியோகஸ்தர் பேச்சைக் கேட்டு ஒரு மலிவு ரகத்தை அடுக்கினேன். ஒரு டப்பாவில் சீல் ஒட்டினதே கோணலாக இருந்தது. பொடி நாக்கில் பட்டதும் வெறும் சர்க்கரை. பன்னிரண்டு டப்பாவும் குப்பைக்குப் போயின.

வீட்டுச் சோதனை என்று வீடியோவில் காட்டுவதில் தீ வைப்பது உபயோகமில்லை. அயோடின் சொட்டு விட்டு நீலமானால் ஸ்டார்ச் மாவு கலந்திருக்கிறது. ஆனால் சாக்லேட் சுவையில் கோகோவே நீலம் காட்டக்கூடும், மால்டோடெக்ஸ்ட்ரின் காட்டாமலும் தப்பிக்கும்.

விலைக்குத் தக்கதா?

ஒரு கிலோ டப்பா 2,800 ரூபாய் என்று வையுங்கள். மேலே சொன்ன 33 கிராம் ஸ்கூப்பில் 30 ஸ்கூப், மொத்தம் 720 கிராம் புரதம். கிராமுக்கு நாலு ரூபாய் பக்கம். முட்டை ஏழு ரூபாய் என்றால் கிராமுக்கு 1 ரூபாய் 20 காசுக்குள். மீதியை நீங்களே முடிவு செய்யுங்கள். டப்பாவில் இருப்பது வசதி: வேகவைக்க வேண்டாம், மெல்ல வேண்டாம்.

அரசாங்கமே வேண்டாம்னு சொல்லுது, நீங்க விக்கிறீங்களே?

உண்மைதான். 2024 மே மாதம் வந்த ஐ.சி.எம்.ஆர். உணவு வழிகாட்டியில், உடம்பு ஏற்ற புரோட்டீன் பொடியைத் தவிர்க்கச் சொல்லியிருக்கிறார்கள். சேர்த்த சர்க்கரை, இனிப்பூட்டிகள், மற்ற சேர்மானங்களைக் காரணம் காட்டி வழக்கமாக எடுக்கவேண்டாம் என்கிறார்கள். நான் இளசுகள் பலரைத் திருப்பி அனுப்பத்தான் செய்கிறேன். என் வீட்டுக்காரருக்கு அதில் வருத்தம்.

ஆனால் நானாகவே எடுத்துக்கொடுக்கும் ஒரு கூட்டம் உண்டு.

அம்மாவுக்கு 72 வயசு. பல் இல்ல, ஒரு தோசையோட நிறுத்திக்கறாங்க. அவங்களுக்குமா வேண்டாம்?

இவர்கள்தான் அந்தக் கூட்டம். வயதாக ஆகத் தசை தானாகக் கரைகிறது; முதியவர்களுக்குக் கிலோவுக்கு 1.0 - 1.2 கிராம் வேண்டும் என்று முதுமை மருத்துவர்கள் சொல்கிறார்கள். சாப்பாட்டு அளவோ சுருங்கிக்கொண்டே போகிறது. நம் ஊர்ப் படிகளில் கைப்பிடி இல்லாமல் ஏற முடியவில்லை, நாற்காலியிலிருந்து எழ இரண்டு முறை முயற்சி வேண்டியிருக்கிறது என்றால் தசை குறைந்திருக்கலாம். கிட்னி பரிசோதனை சரியாக இருந்தால், மாத்திரை நேரத்தையும் பார்த்துக்கொண்டு, கஞ்சியில் அரை ஸ்கூப்பில் தொடங்குங்கள். சுவை சேர்க்காத ரகம் எடுங்கள். நாளைக்குப் பத்து தடவை நாற்காலியில் உட்கார்ந்து எழச் சொல்லுங்கள். வேலை கொடுக்காத தசைக்குப் புரதம் மட்டும் போதாது.

பிடிக்கலைன்னா திறந்த டப்பாவைத் திருப்பி எடுத்துப்பீங்களா?

மாட்டோம். முதலில் சின்ன பாக்கெட் ஒன்று வாங்கிப் பாருங்கள். பெரிய டப்பா எடுத்தால் ஈர ஸ்பூனை உள்ளே விடாதீர்கள், மூடியை இறுக்குங்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மஞ்சு (மூடுபனி) வீட்டுக்குள்ளேயே வரும் பக்கங்களில் பொடி கட்டி தட்டி, பூஞ்சையும் பிடிக்கும். பூஞ்சை வாடை வந்தால் விலையைப் பார்க்காமல் கொட்டிவிடுங்கள்.